மாயாற்றுப் பரிசல்: தெங்குமரஹாடா துறையும் மலைக்கு வந்த பழைய வழிகளும்

கோத்தகிரிக்காரன்

நீலகிரி வரலாறு என்று பேச ஆரம்பித்தால் மலை ரயில், கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன், தேயிலை என்று சுற்றிவந்து அங்கேயே முடித்துவிடுகிறோம். இந்த மலையின் காலடியில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. தெற்கே பவானி, வடக்கே மாயாறு. பாலங்கள் வருகிறவரை இரண்டில் ஒன்றைத் தாண்டாமல் கீழ்நாட்டிலிருந்து யாரும் இந்தப் பக்கம் ஏறியிருக்க முடியாது. ஆனால் ஆற்றைத் தாண்டிவிட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிற அளவுக்கு, தாண்டிவிட்டவர்களைக் கரை சேர்த்த பரிசல்காரர்களைப் பற்றி எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் இன்று பவானியைப் பார்க்காமலே பாலத்தைக் கடந்துவிடுகிறோம். மாயாற்றில் மட்டும் ஒரு பரிசல்துறை மிச்சம் இருக்கிறது. தெங்குமரஹாடா. கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஊர். கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தால் ஆறு வளைகிற இடத்தில் பச்சையாகத் தெரியும் வயல்கள் அந்த ஊர்க்காரர்களுடையவைதான். 1948இல் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைத்து, காட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து உண்டாக்கிய ஊர் அது. அன்று முதல் ஊருக்குள் போவதும் வருவதும் பரிசலில்தான்.

ஊரையே இடம் மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு பல வருடங்களாக ஓடுகிறது, இப்போது நீதிமன்ற உத்தரவு வரைக்கும் வந்துவிட்டது. ஊர் போனால் துறையும் போய்விடும். அதற்கு முன்னால் தெரிந்தவர்கள் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். பரிசல் கட்டுகிற முறை, குத்தகை, பழைய துறைகள், வெள்ளக் காலம், எதுவானாலும் சரி.

குன்னூர் ரயில்வே ரசிகன்

நல்ல இழை அண்ணா. ஒரு அடிப்படைச் சந்தேகம். கோத்தகிரி வட்டத்து ஊர் என்கிறீர்கள், அப்படியென்றால் கோத்தகிரியிலிருந்து நேராக இறங்க வழி கிடையாதா? பேருந்து ஏன் ஈரோடு மாவட்டத்துக்குள் போய்ச் சுற்றி வருகிறது?

கீழ்க்கோத்தகிரி டீச்சர்

நேராக இறங்கினால் காட்டுக்குள் நடைபாதைதான் தம்பி. செங்குத்தான சரிவு, யானை நடமாட்டம் வேறு. வண்டிப் பாதை கிடையாது. அதனால் பேருந்து கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, பவானிசாகர் போய், காராச்சிக்கொரை சோதனைச் சாவடி தாண்டி, காட்டு வழியில் மாயாற்றங்கரை வரைக்கும் போகும். ஆற்றோடு அதன் வேலை முடிந்தது. தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரர்கள் பரிசல் ஏறி, பேருந்து ஏறி, சமவெளியில் பாதி தூரம் சுற்றி, மறுபடியும் மலை ஏற வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். மழைக்காலத்தில் லீவு கேட்டு எழுதும்போது காய்ச்சல், வயிற்றுவலி என்று எழுத மாட்டார்கள். "ஆற்றில் தண்ணீர்" என்று மட்டும் இருக்கும். நானும் மேற்கொண்டு கேட்டதில்லை.

தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் ஜீப் ஆற்றுக்குள் இறங்கியே அக்கரை போய்விடும், ஆட்களும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துவிடுவார்கள். மாயாற்றில் முதலை உண்டு என்பதால் தெரிந்த இடத்தில்தான் இறங்குவார்கள். மற்ற நாட்களில் பரிசல்.

சிறுமுகை நெசவாளி

பரிசல் கட்டுவதைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் லிங்காபுரம், காந்தவயல் பக்கம் பரிசல் போடுகிறவர்கள் இருந்தார்கள், சின்ன வயதில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

மூங்கிலைப் பிளந்து பட்டை எடுப்பார்கள். முற்றிய மூங்கிலாக இருக்க வேண்டும், பிஞ்சு மூங்கில் சீக்கிரம் உளுத்துப்போகும். தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி முதலில் அடிப்பாகத்தை முடிப்பார்கள். அப்புறம்தான் கஷ்டமான வேலை. பின்னலின் மேல் கல்லை ஏற்றி நடுவை அமுக்கிக்கொண்டு, சுற்றி நீட்டிக்கொண்டிருக்கிற பட்டைகளை மேல்நோக்கி வளைத்துக் கட்ட வேண்டும். இந்த வளைவு ஒரே சீராக வரவில்லை என்றால் பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். விளிம்பில் பல பட்டைகளைச் சேர்த்துத் தடிமனாகச் சுற்றிக் கட்டுவார்கள். ஆள் ஏறும்போது கால் வைப்பதும் அங்கேதான், துடுப்பு உரசுவதும் அங்கேதான். வெளிப்பக்கத்துக்கு அந்தக் காலத்தில் மாட்டுத்தோல். பிறகு தார்ப்பாய், பிளாஸ்டிக் தாள், மேலே தார்ப் பூச்சு. இப்போது ஃபைபர் பரிசல் வந்துவிட்டது. ஃபைபர் கனம் அதிகம், பாறையில் மோதினால் விரிசல் விடும். மூங்கில் பரிசல் நெளிந்து கொடுக்கும்.

படகு ஏன் ஓட்டவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பவானியும் மாயாறும் பாறை ஆறுகள். அடிக்கட்டை உள்ள படகு பாதி இடத்தில் தட்டி நின்றுவிடும். பரிசலுக்கு அடி தட்டை, கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே மிதந்துவிடும். வேலை முடிந்ததும் ஒரே ஆள் அதைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு மேடேறிவிடலாம், ராத்திரி வெள்ளம் அடித்துக்கொண்டு போகாது.

கோத்தகிரிக்காரன்

இதைத்தான் எதிர்பார்த்தேன் நெசவாளி அண்ணா. ஓட்டுகிற முறையையும் கொஞ்சம் எழுத முடியுமா?

சிறுமுகை நெசவாளி

ஓட்டுகிறவர் நேராக அக்கரையைப் பார்த்து விடமாட்டார். முதலில் கரையை ஒட்டியே பரிசலை நீரோட்டத்துக்கு எதிராக மேலே கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ போவார். அங்கிருந்துதான் ஆட்களை ஏற்றி ஆற்றுக்குள் விடுவது. இழுப்பு கீழே தள்ளத் தள்ள, அவர் துடுப்பால் தன் பக்கமாகத் தண்ணீரை வாரி வாரிக் குறுக்கே கொண்டுபோவார். இரண்டும் சேர்ந்து எதிர்க்கரைத் துறையில் சரியாக ஒதுங்கும். எங்கே விட்டால் எங்கே ஒதுங்கும் என்பது தண்ணீரின் நிறத்தையும் பாறையைச் சுற்றி நுரை கட்டுவதையும் பார்த்துத் தினமும் மாறும். பரிசல் வட்டமாக இருப்பதால் துடுப்பைக் கொஞ்சம் விட்டாலும் சுற்ற ஆரம்பித்துவிடும். பழக்கமில்லாதவர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்ப்பார்கள், அதுதான் ஆபத்து. குத்தவைத்து உட்கார வேண்டும். வாழைத்தார், மூட்டை எல்லாம் நடுவில், ஆட்கள் அதைச் சுற்றி. இந்த அடுக்குமுறையைப் பரிசல்காரர் சொன்னால் மறுபேச்சுப் பேசக்கூடாது, அவர் யாராக இருந்தாலும்.

உதகை பழங்கணக்கு

வரலாற்றுப் பக்கத்தை நான் கொஞ்சம் சேர்க்கிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரிக்கு ஆங்கிலேயர் போட்ட முதல் அளவை வழியே மாயாற்றுப் பக்கத்து வழிதான். 1812இல் வில்லியம் கீஸ் என்ற உதவி நில அளவையாளர் டணாயக்கன்கோட்டையிலிருந்து கிளம்பி, தேனாடு வழியாகத்தான் மேலே ஏறினார். சல்லிவன் மலை ஏறியது 1819இல், ஏழு வருடம் கழித்து. தேனாடு எங்கே இருக்கிறது என்று கோத்தகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெங்குமரஹாடா பள்ளத்தாக்குக்கு நேர் மேலே உள்ள பகுதி.

டணாயக்கன்கோட்டை பவானியும் மாயாறும் கூடுகிற இடத்தில் இருந்தது. ஹொய்சாளர் காலத்துத் தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், எழுப்பிய கோட்டை. மலைமேல் இருந்தவர்களுக்கும் சமவெளிக்கும் நடுவில் வியாபாரம், வரி, படை எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். மைசூர்ப் பக்கத்திலிருந்து கஜலஹட்டி கணவாய் வழியாக இறங்கினாலும் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் வர வேண்டும். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் படையோடு அந்தக் கணவாய் வழியாக இறங்கித்தான் சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயக் கர்னல் ஃபிளாய்டின் படையை எதிர்த்தார். அப்படி இறங்குகிற படைக்கு முதல் கவலை ஆறு. எந்த இடத்தில் இறங்கி நடக்கலாம், எங்கே பரிசல் கிடைக்கும் என்று உள்ளூர் ஆட்களைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

பரிசலை வெள்ளைக்காரர்கள் சாதாரணமாக நினைக்கவில்லை. 1803 மராட்டியப் போரில் ஆர்தர் வெல்லஸ்லி தக்காணத்து ஆறுகளைக் கடக்க மூங்கில் பின்னித் தோல் போர்த்திய பரிசல்களைக் கட்டச் சொல்லியே உத்தரவு போட்டிருக்கிறார். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் என்று ஊர்ப் பெயர் இருப்பது, பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆன அவர் பெயரால்தான்.

அந்த டணாயக்கன்கோட்டை இப்போது தண்ணீருக்கு அடியில். பவானிசாகர் அணை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. கோட்டையும் மாதவப்பெருமாள் கோயிலும் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. அணை நன்றாக வற்றுகிற வருடம் கோயில் வெளியே தெரியும், ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். தேதியைக் கவனியுங்கள். மேலே தெங்குமரஹாடாவில் 1948இல் காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்குகிறார்கள். அதே வருடம் கீழே, பள்ளத்தாக்கின் பழைய ஊரை மூழ்கடிக்கப்போகிற அணைக்கு வேலை தொடங்குகிறது. இரண்டு ஆறும் கூடுகிற இடத்தில் இருந்த பழைய கடவுகள் அத்தோடு போயின. பள்ளத்தாக்கின் பழைய போக்குவரத்தில் மிஞ்சியது மேலே இருக்கிற இந்தத் துறை மாதிரி ஒன்றிரண்டுதான்.

குன்னூர் ரயில்வே ரசிகன்

மேட்டுப்பாளையம் பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். முதலில் போட்ட மலைச்சாலை மேட்டுப்பாளையத்திலிருந்து போகவில்லை. 1821-23இல் லெப்டினன்ட் மெக்ஃபர்சன் மேற்பார்வையில் போட்டது சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு. குன்னூர் மலைப்பாதை வந்தது 1830களின் தொடக்கத்தில். அதன்பிறகுதான் மேட்டுப்பாளையம் பெரிய ஊரானது, சிறுமுகை வழி பின்தங்கியது. 1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது, 1899இல் குன்னூர் வரை மலை ரயில், 1908இல் உதகை வரை. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும் ரயில் பவானிப் பாலத்தில் ஏறும், அதற்கு அப்புறம்தான் கல்லாறு, பல்சக்கரம் எல்லாம். பயணிகள் எல்லோரும் கல்லாறுக்கு மேலேதான் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். இனிமேல் அந்தப் பாலத்திலும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஆற்றைத் தாண்டுகிற கஷ்டம் தீர்ந்தால்தான் மலைமேல் ரயில் என்பதே யோசிக்கக் கூடிய விஷயமாகும்.

புதியவன், கூடலூர்

ஊட்டி ஏரியிலும் கொடைக்கானல் ஏரியிலும் படகு ஓடுகிறதே, அதையும் இந்த வரலாற்றில் சேர்க்கலாமா?

உதகை பழங்கணக்கு

வேறு கதை தம்பி. இரண்டும் மனிதர் வெட்டிய ஏரிகள். ஊட்டியில் சல்லிவன், கொடையில் 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ். அங்கே படகு பொழுதுபோக்குக்கு. ஊட்டி ஏரி ஆரம்பத்தில் இப்போது இருப்பதைவிட ரொம்பப் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கிற இடமெல்லாம் ஏரிதான். அதற்குத் தனி இழை திறவுங்கள், நானும் வருகிறேன்.

ஓய்வுபெற்ற டர்பைன்

மாயாற்றில் தண்ணீர் எப்போது ஏறும் என்பதை மழையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மின் உற்பத்திப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை விளக்குகிறேன்.

முக்குருத்தி, பைக்காரா அணைகளில் சேருகிற தண்ணீர் கிளன்மார்கன் அணைக்கு வந்து, அங்கிருந்து குழாய் வழியாகச் சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கும். சிங்காராவில் 1932இலேயே உற்பத்தி தொடங்கிவிட்டது. அந்தத் தண்ணீர் மரவகண்டி அணையில் தேங்கி, மறுபடி மாயாறு மின்நிலையத்துக்குப் போகும். அது 1952இல் வந்தது, 36 மெகாவாட். அதற்கு அப்புறம்தான் தண்ணீர் மாயாற்றுப் பள்ளத்தில் விழுந்து, காட்டுக்குள் ஓடித் தெங்குமரஹாடாவைத் தொடுகிறது.

அதனால் அந்த ஊரில் ஒரு சொட்டு மழை பெய்யாத நாளிலும் ஆறு ஏறும். ஊட்டிப் பக்கம் கொட்டித் தீர்த்து, பைக்காராவிலும் கிளன்மார்கனிலும் உபரி நீர் திறந்தால், அந்த வெள்ளம் இங்கே வந்து சேரும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆறு மட்டும் செம்மண் நிறத்தில் பொங்கி ஓடும். பரிசல்காரர் அன்றைக்குப் பரிசலை மேட்டில் ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இந்தப் பக்கம் பேருந்தில் வந்து இறங்கியவர்கள் இங்கேயே, அந்தப் பக்கம் இருப்பவர்கள் அங்கேயே.

மலைமேல் எரிகிற விளக்குக்கும் இந்தத் துறைக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருந்தும், அணை திறக்கிற தகவல் துறைக்கு நேரத்தோடு வந்து சேர எத்தனை வருடம் பிடித்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

பவானிசாகர் மீன்காரர்

கீழே நீர்த்தேக்கப் பக்கம் உள்ள நிலைமையையும் சொல்கிறேன். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 105 அடி. நூறடியை நெருங்கும்போது பின்தண்ணீர் சிறுமுகைப் பக்கம் ஏறி, லிங்காபுரம் - காந்தவயல் பாலம் மூழ்கிவிடும். காந்தவயல், காந்தையூர், உளியூர், மொக்கைமேடு ஊர்க்காரர்கள் அப்போது பரிசலையும் மோட்டார் படகையும்தான் நம்ப வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன், பைக் எல்லாம் பரிசலில் போகும். கீழ்பவானி வாய்க்காலில் கோபி, பெருந்துறை வரைக்கும் பாசனத்துக்குப் போகிற தண்ணீர் இது. அணை நிரம்பினால் அங்கெல்லாம் சந்தோஷம், இந்த நாலு ஊருக்கு மட்டும் அக்கரை தூரமாகிவிடும். எனவே பாலம் கட்டினால் பரிசல் தேவைப்படாது என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூடலூர் கானுயிர்

பாலப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாயாற்றுப் பள்ளத்தாக்கு சாதாரணக் காடு கிடையாது. தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற கடைசிப் பெரிய இடம். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் யானையும் புலியும் போய்வருகிற வழி. பெரிய பாலம் வந்தால் பின்னாலேயே நல்ல தார்ச்சாலை வரும், சுற்றுலா வண்டி வரும், விடுதி வரும். மசினகுடியில் நடந்ததை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். பரிசல் இருந்ததால்தான் இந்தப் பள்ளத்தாக்கு இந்த அளவுக்காவது தப்பித்தது. ஊரை இடம் மாற்றக் குடும்பத்துக்கு 15 லட்சம் என்று மொத்தம் 74.25 கோடி ரூபாயை விடுவிக்கச் சொல்லி 2024இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இடம் மாற விரும்புகிறவர்கள் மரியாதையாகப் போய்ப் புது வாழ்க்கை தொடங்கட்டும் என்பது என் கருத்து.

கீழ்க்கோத்தகிரி டீச்சர்

கோபமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். காடு தப்பித்ததற்கு விலை கொடுத்தது யார்? ராத்திரியில் வலி எடுத்த கர்ப்பிணியைக் கட்டிலோடு பரிசலில் ஏற்றி, டார்ச் வெளிச்சத்தில் ஆற்றைக் கடத்தி, அக்கரையில் வண்டிக்குக் காத்திருந்த வீட்டார் கொடுத்த விலை அது. அவர்களில் ஒரு குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு ஆற்றில் வெள்ளம் வடியத் தொடங்கிய நேரம், பரிசல்காரர் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாராம். அப்புறம் தன் மகனையும் கூட ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு துடுப்பாகப் போட்டுக் கடத்திவிட்டிருக்கிறார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த அப்பாவும் மகனும் எந்த ஆவணத்திலும் இல்லை.

இடமாற்றத்துக்கு ஊரிலேயே இரண்டு கருத்து உண்டு. வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், மூன்று தலைமுறையாக உழுத மண்ணை விட்டு எங்கே போவது என்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துக் கல்லாம்பாளையம், அல்லிமாயார் இருளர் குடும்பங்களின் நிலையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. அவர்கள் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் வந்ததற்கு அப்புறம் வந்தவர்கள் இல்லை, காட்டோடு இருந்தவர்கள்.

கூடலூர் கானுயிர்

நீங்கள் சொல்வது முழுக்க நியாயம் டீச்சர். காட்டுக்காக ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் இருப்பதை யாரும் ஏற்க முடியாது. ஆட்கள் மட்டும் நடந்து போகிற அளவில், வெள்ள மட்டத்துக்கு மேலே ஒரு தொங்குபாலம் போதும் என்று நான் முன்பிருந்தே சொல்லிவருகிறேன். வண்டி ஏறாது, நோயாளியைத் தூக்கிக்கொண்டு வரலாம். ஊர் இருக்கிற கடைசி நாள் வரைக்கும் அது உதவும்.

வழக்கறிஞர், உதகை

குத்தகையைப் பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தார்கள். நம் மாநிலத்துப் பரிசல்துறைகளுக்கு அடிப்படை 1890ஆம் வருடத்துக் கால்வாய்கள் மற்றும் பொதுப் பரிசல்துறைகள் சட்டம். மதராஸ் மாகாணத்தில் வந்தது. ஒரு துறையைப் பொதுப் பரிசல்துறை என்று அரசு அறிவித்து, அங்கே வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடலாம், கட்டணத்தையும் நிர்ணயிக்கலாம். பிறகு உள்ளாட்சி அமைப்புகள் ஏலம் விடுகிற வழக்கம் வந்தது. காவிரிக் கரையில் பல ஊர்களில் இன்றைக்கும் பரிசல்துறை ஏலம் நடக்கிறது. ஏலக் கணக்கு எங்கே இருந்ததோ அங்கெல்லாம் வரலாறும் இருக்கிறது. யார் எடுத்தார், எவ்வளவுக்கு எடுத்தார், எந்த வருடம் யாரும் எடுக்கவில்லை என்று எல்லாமே. துறையின் வரலாறு எழுத ஆசைப்படுகிறவர்கள் தாலுகா அலுவலகம், ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம் மூன்றிலும் பழைய பதிவேடுகளைக் கேட்டுப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். மனு எழுத உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.

கோத்தகிரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வேலையை உடனே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்று, வக்கீல் சார் சொன்ன பதிவேடுகள். அதற்கு நான் மனுப் போடுகிறேன். இரண்டாவது இன்னும் அவசரம். பரிசல் ஓட்டிய பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வது. வெள்ளம் வந்த வருடங்கள், பரிசல் கவிழ்ந்தது, யார் யாருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள், தோல் போர்த்திய பரிசலைக் கடைசியாகப் பார்த்தது எப்போது, இதெல்லாம் காகிதத்தில் கிடைக்காது. டீச்சர், நீங்கள் சொன்ன அந்தக் குடும்பத்தின் மூலமாகப் பரிசல்காரர்களிடம் பேச முடியுமா? அவர்கள் சம்மதித்தால் மட்டும் போதும், பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமல் எழுதுவோம்.

நெசவாளி அண்ணா, மூங்கில் பரிசல் ஒன்றை முதல் பட்டையிலிருந்து கடைசித் தார்ப் பூச்சு வரைக்கும் படம் எடுக்க ஆசை. இன்னும் கட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா?

சிறுமுகை நெசவாளி

ஒருவர் இருக்கிறார், வயதாகிவிட்டது, கை மட்டும் தளரவில்லை. மூங்கில் கிடைப்பதுதான் பிரச்சினை, காட்டில் வெட்ட அனுமதி கிடையாது, பட்டா நிலத்து மூங்கிலாக வாங்க வேண்டும். கூலியும் மூங்கில் விலையும் நாம் பங்கிட்டுக் கொடுத்தால் செய்கிறேன் என்கிறார். கட்டி முடித்த பரிசல் காந்தவயல்காரர்களுக்குப் போய்விட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கீழ்க்கோத்தகிரி டீச்சர்

அந்தக் குடும்பத்திடம் பேசிவிட்டேன். வரச் சொல்கிறார்கள். மழை நின்ற பிறகு வாருங்கள், இப்போது பைக்காராவில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், பரிசல் மேட்டில் இருக்கிறது என்றார்கள். காட்டு வழி என்பதால் சோதனைச் சாவடியில் வெளியாட்களுக்கு அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுத்துவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற டர்பைன்

என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்.